ஆராய்ச்சி மாணவரும் நூல்நிலையமும்

பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவருக்கு விதிகள் அளிக்கும் காலம் குறைந்தது 3 ஆண்டுகள். மிகுந்தால் 6 ஆண்டுகள். பல்கலைக் கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, மறுபதிவு பெற்றால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும்; பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும், இருபது வயதைக் கடந்து முப்பதை எட்டும் வரையுள்ள நல்ல பருவத்தின் பெரும் பகுதி இதிலேயே செலவாகிறது. அப்பருவத்தில் ஓராண்டு வீணாயிற்று என்றால், அது உதவிச் சம்பளம் போன இழப்பு மட்டுமன்று. எடுத்துக்கொண்ட பொருளின்மேல் கொண்ட ஆர்வமும் அதனோடு தேய்ந்து விடுகிறது.

அந்தக் காலம் எவ்வாறு வீணாகிறது என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சோம்பலால் வீணாவது கொஞ்சமே. பிறர் முன்பே எழுதி முடித்த பொருளை அறியாமல் மீண்டும் எழுதத் தொடங்குவது, அடுத்த அறையில் இருக்கும் நூலைத் தேடி ஆயிரம் மைல் பயணம் செல்வது, எங்கோ படித்த செய்தியை எங்கே படித்தோம் என்று மறந்து மறுபடியும் புரட்டுவது, இவற்றால் வீணாவதே மிகுதி. நூல்நிலையத்தைப் பயன்படுத்தும் முறை தெரிந்திருந்தால் இம்மூன்று இழப்புகளையும் பெரும்பாலும் தவிர்த்துக் கொள்ளலாம்.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இது தொலைவான செய்தி அன்று. அலுவலகத்துக்கென்றும் ஆலைக்கென்றும் வாணிபத்துக்கென்றும் வந்தவர்களின் மக்கள் இன்று தில்லி, கொல்கத்தா, புணே, ஐதராபாத் முதலிய நகரங்களின் பல்கலைக் கழகங்களில் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் பலருடைய வீட்டில் அதற்கு முன் ஆராய்ச்சி என்ற சொல்லை எடுத்தவர் ஒருவருமில்லை. வழிகாட்ட அண்ணனோ அத்தையோ இல்லாத மாணவனுக்கு, நூல்நிலையமே மூத்தோர் இடத்தில் நின்று வழிகாட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வாறு வழிகாட்டுவது நூல்நிலையத்தின் தலையாய கடமை என்று நம் நாட்டில் முதன்முதலாக அழுத்தந்திருத்தமாகச் சொன்னவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டனுக்குச் சென்று நூலகக் கல்வி பயின்று, அங்குள்ள நூல்நிலையங்கள் பலவற்றை நேரில் கண்டு, 1925-ஆம் ஆண்டில் திரும்பினார். 1931-ஆம் ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். கோலன் பகுப்பு முறை என உலகம் அறிந்த அவரது நூற்பகுப்பு முறை 1933-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் அவரும் நம்மைப் போலவே வடக்கே வந்தார். 1945 முதல் 1947 வரை காசி இந்துப் பல்கலைக் கழகத்திலும், அதன்பின் தில்லிப் பல்கலைக் கழகத்திலும் பணிபுரிந்தார்.

அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காப்பது பற்றியது. கேட்பதற்கு மிக எளிய விதி. ஆயினும் ஒரு நூல்நிலையத்தின் அமைப்பு முழுவதையும் அது மாற்றிவிட வல்லது. அலமாரிகளைப் பூட்டி வைத்து, சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவோம் என்பது நூலைக் காக்கும் முறை. வாசகரை உள்ளே விட்டு, ஒரே பொருள் பற்றிய நூல்கள் ஒரே இடத்தில் நிற்கும்படி அடுக்கி வைப்பது அவருடைய காலத்தைக் காக்கும் முறை. இரங்கநாதன் சென்னையில் இரண்டாவது முறையையே கொண்டு வந்தார். அத்துடன், வாசகர்க்குத் துணை செய்வதற்கென்றே நூலகர் சிலர் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இன்று பெரிய பல்கலைக் கழக நூல்நிலையங்களில் இத்தகைய நூலகர் இருக்கின்றனர். ஆயின் அவர்களிடம் சென்று கேட்கும் மாணவர் சிலரே. நூலகர் என்றால் முத்திரை குத்துபவர், தவணை கடந்த நூலுக்கு அபராதம் வாங்குபவர் என்ற எண்ணம் நம்மிடையே ஊறியிருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் உதவி கேட்பது தம் அறியாமையை வெளிக்காட்டுவது ஆகும் என்ற கூச்சமும் உண்டு. புதிய ஊர், புதிய மொழி என்னும் நிலையில் இருக்கும் மாணவருக்கு இக்கூச்சம் இருமடங்காகிறது. அதைக் களைவதே முதற்படி என்று நாம் கருதுகிறோம்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. எடுத்துக்காட்டுக்காக ஒரு மாணவியை எண்ணிக் கொள்வோம். தில்லியில் வரலாற்றுத் துறையில் சேர்ந்திருக்கிறாள். தன் பாட்டி வாய்மொழியாகச் சொல்லக் கேட்ட தாது வருஷப் பஞ்சத்தை ஆராய விரும்புகிறாள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் அது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பிழைத்தவர்களுள் பலர் ஊரை விட்டுக் கடல் கடந்தும் சென்றனர். மாணவி நூலகரிடம் சென்று, "பஞ்சத்தைப் பற்றி நூல் இருக்கிறதா?" என்று கேட்கிறாள். இருக்கிறது என்று சொல்லி ஓர் அலமாரியைச் சுட்டுவதோடு நின்றுவிட்டால் நூலகரின் கடமை முடிந்து விடாது. எந்தப் பகுதி, எந்த ஆண்டுகள், அரசினரின் செயலா, மக்களின் துன்பமா, விலைவாசியா, குடிபெயர்தலா என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை சொல்லும்போதுதான் மாணவிக்கே தன் பொருள் இன்னதென்று தெளிவாகும்.

அவ்வாறு பேசிப் பார்க்கையில், நிவாரண வேலைகளில் கொடுத்த கூலியைப் பற்றி அறிவதே அவள் விருப்பம் என்று தெரிய வருகிறது எனக் கொள்வோம். பஞ்ச காலத்தில் அரசினர் வெட்டுவித்த பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற வேலைகளில் உழைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பது பற்றி அன்று பெரிய வழக்கு எழுந்தது. இந்திய அரசினர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டு கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்பார், உடலுழைப்புச் செய்வோர்க்கு அது போதாது என்று எதிர்த்தார். ஆராய்ச்சிக்கு ஏற்ற தெளிவான கேள்வி இது. இனி நூல்நிலையக் கருவிகள் ஒவ்வொன்றும் பயன்படத் தொடங்கும்.

முதற் கருவி நூலட்டவணை. முன்பு சிறு இழுப்பறைகளில் கார்டுகளாக இருந்தது, இப்போது கணினியில் இருக்கிறது. அதில் பெயரைக் கொண்டு தேடுவதை எல்லோரும் அறிவர். பொருளைக் கொண்டு தேடும் முறையைச் சிலரே அறிவர். நூலகர் ஒவ்வொரு நூலுக்கும் பொருள் தலைப்பு ஒன்றைக் கொடுத்திருப்பார். நூலின் பெயரில் பஞ்சம் என்ற சொல்லே இல்லாவிடினும் அத்தலைப்பின்கீழ் அது வந்து நிற்கும். நல்ல நூல் ஒன்று கிடைத்தவுடன், அதன் பதிவைத் திறந்து, அதற்கு நூலகர் இட்ட தலைப்பு யாது எனக் கண்டு, அத்தலைப்பைக் கொண்டு மீண்டும் தேட வேண்டும். இவ்வொரு பழக்கம் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். நம் மாணவிக்கு இவ்வழியில் வில்லியம் டிக்பி 1878-ஆம் ஆண்டில் 2 தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறும், 1880-ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் கிடைக்கும்.

இரண்டாவது கருவி ஆய்வேடுகளின் தொகுப்பு. தன் பொருளை முன்பே யாரேனும் ஆராய்ந்திருக்கின்றனரா என்பதை முதல் மாதத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். இதற்கென அமைந்தது ஷோத்கங்கா. வடமொழி வழிவந்த 'ஷோத்' என்னும் இந்திச் சொல்லுக்கு ஆராய்ச்சி என்பது பொருள். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்படியாக ஒப்படைக்க வேண்டும் என்று மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் விதித்ததை ஒட்டி வளர்ந்த தொகுப்பு இது. குஜராத்தில் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம் இதை நடத்துகிறது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இதில் உள்ளன. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இன்னும் முடிவுறாத ஆராய்ச்சிகளின் திட்டச் சுருக்கங்களை ஷோத்கங்கோத்ரி என்னும் உடன்பிறப்பில் காணலாம். கங்கையும் அது தோன்றும் கங்கோத்ரியும் என்னும் இப்பெயரிணையை அமைத்தவர் சொல் நயம் அறிந்தவரே.

முன்னோர் எழுதிய ஆய்வேட்டில் மிகப் பயன்படும் பகுதி அதன் இறுதியில் உள்ள நூற்பட்டியல். ஒருவர் சில ஆண்டுகள் அலைந்து சேர்த்த வழித்துணை அது. நம் மாணவி அதைப் படித்தால், தில்லியிலேயே உள்ள தேசீய ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து வருவாய், வேளாண்மை, வாணிபத் துறையின் பஞ்சக் கோப்புகள் இருப்பதை அறிவாள். அக்காப்பகத்தின் அட்டவணையை அபிலேக் படல் என்னும் இணைய வாயிலில் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். கோப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பகத்துக்குச் செல்வதற்கும், வெறுங்கையோடு சென்று வரிசையில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மூன்றாவது கருவி ஆராய்ச்சிச் சஞ்சிகைகள். இவற்றின் சந்தா மிகக் கூடுதலானது. செல்வ வளமுள்ள சில பல்கலைக் கழகங்களே நெடுங்காலம் பெரிய அளவில் வாங்கி வந்தன. இவ்வேற்றத் தாழ்வைக் குறைக்கும் நோக்கத்தோடு, ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அது தொடங்கியது. 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள், மத்திய, மாநில அரசுகளைச் சார்ந்த 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கிடைக்கும்படி வகுக்கப்பட்ட திட்டம் இது. பெருநகரப் பல்கலைக் கழகத்தில் படிக்கும் மாணவரும் சிற்றூரின் அரசினர் கல்லூரியில் படிக்கும் மாணவரும் ஒரே கட்டுரையைப் படிக்கலாம் என்பது சிறிய மாறுதல் அன்று. தம் நிலையம் இதில் சேர்ந்துள்ளதா, விடுதியிலிருந்தோ ஊரிலிருந்தோ படிக்கக் கடவுச்சொல் பெறுவது எப்படி என்பதை மாணவர் நூலகரிடம் கேட்டறிய வேண்டும். தனி ஒருவராகப் பணம் கட்டி ஒரு கட்டுரையை வாங்குமுன் இதைக் கேட்பது பணத்தையும் காக்கும்.

நான்காவது, நூல்நிலையங்கள் தம்முள் செய்துகொள்ளும் நூல் மாற்று. நம் நூல்நிலையத்தில் இல்லாத நூலை வேறொரு நூல்நிலையத்திலிருந்து நமக்காக வருவித்துத் தருவர். இதற்கென 1988-ஆம் ஆண்டில் தில்லி இந்திய சர்வதேச மையத்தில் தொடங்கிய டெல்நெட் என்னும் நூல்நிலையப் பிணைப்பு, இன்று ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழக வளாகத்திலிருந்து இயங்குகிறது. இவ்வசதி இருப்பதே பல மாணவர்க்குத் தெரியாது. நூல் இல்லை என்று அட்டவணை சொன்னவுடன் திரும்பி விடுகின்றனர். இங்கே இல்லை என்று மட்டுமே அட்டவணை சொல்கிறது. எங்கும் இல்லை என்று அது சொல்வதில்லை.

இதுவரை கூறியவை எம்மொழி பேசும் மாணவருக்கும் பொதுவானவை. தமிழ் நூல்களைத் தேடும் மாணவருக்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. வடநாட்டு நூல்நிலையங்களிலும் அயல்நாட்டு நூல்நிலையங்களிலும் தமிழ் நூல்களின் பெயர்களைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதியிருப்பர். அதிலும் அமெரிக்க நாட்டு நூல்நிலையங்கள் கையாளும் முறை நாம் பழகிய முறை அன்று. நாம் ஒலிப்பைக் கேட்டு எழுதுகிறோம். அவர்கள் எழுத்தைப் பார்த்து எழுதுகின்றனர். ஓர் எழுத்துக்கு ஒரே குறி என்பது அவர்கள் கொள்கை.

ஆகவே சகரம் எங்கே வந்தாலும் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தே அதற்குரியது. சிலப்பதிகாரத்தைப் பத்தொன்பதாம் எழுத்தில் தேடுபவர் காண மாட்டார். மூன்றாம் எழுத்தில் தேடுபவர் காண்பார். பாரதியார் கவிதைகள் என்னும் நூற்பெயரை நாம் அந்நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்திட்டுத் தொடங்குவோம். அவர்களோ பகரத்துக்கு உரிய பதினாறாம் எழுத்திட்டுத் தொடங்குவர். தகரத்தோடு நாம் சேர்க்கும் 'எச்' என்னும் எழுத்தை அவர்கள் சேர்ப்பதில்லை. லகர, ளகர, ழகரங்களை ஒரே எழுத்தின்மேலோ கீழோ குறியிட்டு வேறுபடுத்துவர்; தேடும்போது அக்குறிகளைப் பெரும்பாலும் விட்டு விடலாம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர்க்கு இவை நாள்தோறும் பழகும் செய்திகள். மாணவர் இவற்றை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். இப்போது பல அட்டவணைகளில் தமிழ் எழுத்திலேயே தேட முடிகிறது. ஆயினும் பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில் மட்டுமே நிற்பதுண்டு. ஆதலால் இரு வழியிலும் தேடுவதே தக்கது. ஷோத்கங்காவிலும் தமிழில் எழுதிய ஆய்வேடுகள் சிலவற்றின் தலைப்பு ரோமன் எழுத்தில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் நூல்களைக் காணத் தமிழகத்துக்கே செல்ல வேண்டும் என்பதும் எப்போதும் உண்மையன்று. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் எம்மொழியில் நூல் வெளியிட்டாலும், வெளியிட்ட 30 நாட்களுக்குள் அதன் படியைக் கொல்கத்தாவிலுள்ள தேசீய நூலகத்துக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகமும், மும்பை மத்திய நூலகமும், தில்லிப் பொது நூலகமும் அவ்வாறே படி பெறும் உரிமை உடையவை. எல்லாப் பதிப்பாளரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் கொல்கத்தாவின் தேசீய நூலகத்தில் தமிழுக்கென்றே ஒரு பிரிவு உள்ளது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்களும் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. வங்கத்தில் வாழும் தமிழ் மாணவருக்கு அக்களஞ்சியம் டிராம் வண்டித் தொலைவில் இருந்தும் கண்ணில் படாமற் போகக் கூடாது.

நம் மாணவியின் ஆராய்ச்சிக்கு மீண்டும் வருவோம். அரசினர் கோப்பு கூலியின் அளவைச் சொல்லும். அக்கூலியைப் பெற்றவர் என்ன பாடினார் என்பதைச் சொல்லாது. தாது வருஷத்தைப் பற்றிக் கும்மியும் சிந்துமாக மலிவான சிறு நூல்கள் அச்சாயின. அவற்றை எங்கே தேடுவது? 1867-ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டத்தின்கீழ் அரசினர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சான நூல்களின் பட்டியலை வெளியிட்டு வந்தனர். அந்தப் பதிவுகளின் துணைகொண்டு தமிழ் நூல்களுக்கு விவர அட்டவணை ஒன்று 1960-களில் சென்னையில் தொகுதி தொகுதியாக அச்சாயிற்று. அதில் பெயரைக் கண்டு, பிறகு சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையிலும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்திலும் நூலைத் தேடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994-ஆம் ஆண்டில் நிறுவப் பெற்ற நூலகம் அது. பெரிய நூல்நிலையங்கள் பொருட்படுத்தாத சிறு பிரசுரங்களையும் அவர் சேர்த்து வைத்தார்.

கோப்பும் கும்மியும் ஒரே மேசைமேல் வந்து சேரும்போதுதான் அம்மாணவியின் ஆராய்ச்சி புதியதாகிறது. கோப்பை ஆங்கிலத்திலும் கும்மியைத் தமிழிலும் படிக்க வல்ல மாணவர், தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் உளர். தாய்மொழியைத் தொலைவில் இருந்தும் காத்துக்கொண்டதன் பயன், இத்தகைய இடத்தில் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

தேடிச் சேர்த்ததை ஒழுங்காக வைத்துக்கொள்வதும் ஆராய்ச்சியின் ஒரு கூறு. படித்த நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு 2006-ஆம் ஆண்டில் தோன்றிய ஜோட்டேரோ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பல நூல்நிலையங்கள் இவற்றைக் கையாளும் முறையைக் கற்பிக்க வகுப்புகளும் நடத்துகின்றன. எது தம் சொல், எது பிறர் சொல் என்று குறிப்பேட்டிலேயே பிரித்து எழுதாதவர், நெடுநாள் கழித்து அவற்றைப் பிரித்தறிய இயலாமல் தவிப்பர். மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் இதில் கண்டிப்பானவை. பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை சென்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 சதவீதம் வரை சென்றால் திருத்திய ஏட்டை ஓராண்டு வரை ஒப்படைக்க முடியாது. அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். ஒப்புமை காணும் மென்பொருளைப் பல்கலைக் கழகங்கள் ஷோத்சுத்தி என்னும் திட்டத்தின் வழியே பெறுகின்றன. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் அன்றி, எழுதும்போதே நூலகரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இன்னும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கேட்ட கேள்விக்கு மனிதர் போலவே உரையாடி விடை தரும் செயற்கை அறிவுப் பொறிகள் இன்று மாணவர் கையில் உள்ளன. ஒரு பொருளின் தொடக்க அறிவைப் பெறவும், சொற்களைத் தெரிந்துகொள்ளவும் அவை உதவலாம். ஆனால் ஆதாரம் கேட்டால், எழுதப்படாத கட்டுரைக்குப் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் தாமே புனைந்து கொடுத்துவிடுவது அவற்றின் குறை. பார்ப்பதற்கு மெய்யான ஆதாரம் போலவே அது தோன்றும். பொறி கொடுத்த ஒவ்வோர் ஆதாரத்தையும் நூலட்டவணையில் தேடி, நூலையோ கட்டுரையையோ கையில் எடுத்து, அப்பக்கத்தைக் கண்ணால் கண்ட பிறகே எழுத வேண்டும். நூலகர் ஒருவர் அறியாததை அறியேன் என்பார். பிறகு அறிந்தவரிடம் அனுப்பி வைப்பார். அந்த நேர்மைக்கு ஈடு இன்னும் பொறியில் வரவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்த பிள்ளைகளிடம் பெற்றோர் வழக்கமாகக் கேட்பது, எப்போது முடியும் என்பதே. அக்கவலை இயல்பானது. ஆயினும் ஆண்டு ஒன்று கழிந்தபின் அதைக் கேட்பதைவிட, முதல் மாதத்திலேயே, நூலகரைப் பார்த்தாயா, உன் பொருளைப் பற்றி முன்பு யார் எழுதியிருக்கின்றனர் என்று கண்டாயா என்று கேட்டால், முடியும் நாள் தானே விரைவில் வரும். ஆராய்ச்சி முறை அறியாத தாயும் இக்கேள்விகளைக் கேட்கலாம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நூல்நிலையங்களிலிருந்து பெற்றுக்கொள்வதோடு நில்லாமல் அவற்றுக்குக் கொடுக்க வேண்டியதும் உண்டு. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. வந்தேறிய தலைமுறையின் பெயர்கள், பள்ளி கட்டியவர்கள், கோயிற் கணக்கு, நாடகக் குழு, வெள்ளக் காலத்து உதவி ஆகியவை அம்மலர்களில் இருக்கின்றன. நம் குடிபெயர்வின் வரலாற்றை நாளை எழுத வருபவருக்கு அவையே ஆதாரம். ஆனால் விழா முடிந்த மறுவாரம் அவை பழைய தாளோடு தாளாகப் போய்விடுகின்றன. தாது வருஷத்துக் கும்மியை ஒருவர் எடுத்து வைத்தமையால்தான் இன்று அது படிக்கக் கிடைக்கிறது. நம்மைப் பற்றி எழுதியவற்றையும் அவ்வாறே எடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் தான் வெளியிடும் நூலின் படிகளைச் சட்டம் சொன்னபடி கொல்கத்தா முதலிய நான்கு நூலகங்களுக்கும் அனுப்பலாம்; தன் நகரத்துப் பல்கலைக் கழக நூல்நிலையத்துக்கும் ஒரு படி கொடுக்கலாம். அதன் பெயர் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் அட்டவணையில் ஏறியதா என்று ஒரு முறை சென்று பார்த்து வரலாம். வீட்டில் பழைய மலர்களும் கடிதங்களும் வைத்திருப்போர், அவற்றை எடைக்குப் போடுமுன் ஒரு நூலகரிடம் காட்டலாம். அதற்கு அஞ்சற் செலவும் ஒரு முற்பகல் நேரமும் போதும். பிற்காலத்தில் நம்மைத் தேடி வரும் மாணவர் ஒருவருக்கு அது ஓராண்டை மிச்சப்படுத்தும்.